35 வயசுல 22 வின், அதுக்கப்புறம் 98: ஆர்.ஏ. டிக்கி ஏன் அவ்ளோ லேட்டா ஜெயிச்சார்?

1996ல பேஸ்பால் அமெரிக்காங்கிற பத்திரிகையோட அட்டைல ஒரு போட்டோ வந்துச்சு. அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல ஆடப்போற அமெரிக்க டீமோட பிட்சர்கள், அதாவது பந்து போடுறவங்க, வரிசையா நிக்கிற சாதாரண போட்டோ. அதுல ஒரு பையனோட வலது கை மட்டும் கொஞ்சம் மடங்குன மாதிரி ஒரு தினுசா தொங்கிட்டு இருந்துச்சு. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் டீமோட ட்ரெயினர் ஒருத்தர் அதைக் கவனிச்சார். அந்தப் பையன்தான் ராபர்ட் ஆலன் டிக்கி, டென்னசி மாநிலம் நாஷ்வில் ஊர்க்காரர், டென்னசி யுனிவர்சிட்டில பந்து போட்டவர். டீம்கள் வரிசை போட்டு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல, அந்த வருஷம் முதல் ரவுண்டுலயே 18வது ஆளா ரேஞ்சர்ஸ் அவரை எடுத்திருந்தாங்க, 8 லட்சத்து 10 ஆயிரம் டாலர் போனஸ்னு பேசியும் வச்சிருந்தாங்க.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, முழங்கைல உள்பக்கமா மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இழுத்துப் பிடிக்கிற லிகமென்ட் அவருக்கு இல்லவே இல்ல. கிழிஞ்சு போகல, அந்த இடத்துல அது இல்ல. இந்த நிலைல ஒரு சாவியத் திருப்பினாலே, கதவுக் குமிழத் திருப்பினாலே உங்களுக்கு வலிக்கணுமேன்னு டாக்டர் ஆச்சரியப்பட்டார், டிக்கியோ அதுவரைக்கும் ஒரு வலியும் இல்லாம மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல போட்டுட்டு இருந்தவர். ரேஞ்சர்ஸ் 8,10,000ன்னு சொன்னதை வாபஸ் வாங்கிட்டு 75,000 தரோம், இஷ்டம்னா வாங்கன்னாங்க. அவர் வாங்கிக்கிட்டார், வேற வழி இல்ல.

இதுலேர்ந்து 16 வருஷம் கழிச்சு, 2012 நவம்பர்ல, இதே ஆள் நேஷனல் லீக்கோட (மேஜர் லீக்ல இருக்கிற ரெண்டு பிரிவுல ஒண்ணு) சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற சை யங் அவார்டை வாங்கினார். அப்போ அவருக்கு 38 வயசு. "விடாமுயற்சி வெற்றி தரும்"னு ஒரே வரில இந்தக் கதைய முடிச்சுடுறவங்க நிறைய பேர், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. விடாம முயற்சி பண்ணியும் மேஜர் லீக்குக்குக் கீழ இருக்கிற மைனர் லீக்லயே முடிஞ்சு போனவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. டிக்கி லேட்டா ஜெயிச்சதுக்கு ரொம்பக் குறிப்பான ஒரு காரணம் இருக்கு, அதைப் புரிஞ்சுக்கணும்னா முதல்ல பேஸ்பால்ல ஒரு பிட்சரை எப்படி எடை போடுறாங்கன்னு பார்க்கணும்.

பிட்சர்னா நம்ம ஊர் பாஷைல பவுலர் மாதிரி. 18.44 மீட்டர் தூரத்துலேர்ந்து பந்து தரைல படாமலே பேட்டரைத் தாண்டி, அவர் பின்னாடி விக்கெட் கீப்பர் மாதிரி உக்காந்திருக்கிற கேட்சர் கைக்குப் போகணும். பிட்ச் கிடையாது, அதனால பிட்ச்ல பந்து திரும்புறதுங்கிற பேச்சும் கிடையாது, எல்லாமே காத்துலதான் நடக்கணும். அதனால டீமுக்கு ஆள் தேடுற ஸ்கவுட்டுங்க முதல்ல பார்க்கிறது வேகம். 18 வயசுப் பையன் போடும்போது பின்னாடி ஸ்பீடு கன்னை வச்சிட்டு உக்காந்துடுவாங்க, அந்தக் கன்ல வர்ற நம்பர்தான் அவனோட விலை. வேகம் இருந்தா மத்ததைச் சொல்லிக் கொடுத்துக்கலாம், வேகத்தை மட்டும் சொல்லிக் கொடுக்க முடியாதுங்கிறது அவங்க கணக்கு, அது பெரும்பாலும் சரியான கணக்குதான்.

டிக்கி இந்தக் கணக்குல நடுவாந்திரமா மாட்டிக்கிட்டார். முதல்தடவை மேஜர் லீக்ல இறங்கினது 2001 ஏப்ரல்ல, 26 வயசுல, மொத்தம் நாலே கேம். 2003ல 9 வின் 8 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.09. வின், தோல்வின்னா டீம் ஜெயிச்சாலோ தோத்தாலோ அதுக்குப் பொறுப்பான பிட்சர் பேர்ல எழுதுற கணக்கு. ஈ.ஆர்.ஏ.ன்னா 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு கேமுக்கு, சராசரியா எத்தனை ரன் கொடுக்கிறார்ங்கிற கணக்கு, 3க்குக் கீழ இருந்தா அருமை, 5ஐத் தாண்டினா அடுத்த வருஷம் வேலை இருக்குமாங்கிறதே சந்தேகம். 2004ல 5.61 ஆச்சு. ஃபாஸ்ட் பால் வேகம் வருஷா வருஷம் குறைஞ்சுட்டே போச்சு. மைனர் லீக், மேஜர் லீக், திரும்ப மைனர் லீக்னு அலைச்சல். மைனர் லீக் சம்பளம் அந்தக் காலத்துல ரொம்பக் கேவலமா இருந்துச்சு, சீசன் நடக்கிற மாசங்களுக்கு மட்டும்தான் சம்பளம், 2022ல யூனியன் அமைச்சு 2023ல முதல் ஒப்பந்தம் போட்ட அப்புறம்தான் அந்த நிலைமை கொஞ்சம் மாறுச்சு. மனைவி, குழந்தைங்கன்னு ஆன ஒருத்தர் அந்தச் சம்பளத்துல ஊர் ஊரா வீடு மாத்தி மாத்திப் போறதுன்னா யோசிச்சுப் பாருங்க.

ஆனா அவர் கைல ஒரு விஷயம் இருந்துச்சு. எப்பவாவது போடுற ஒரு விசித்திரப் பந்து, அதுக்கு "தி திங்"னு பேரு வச்சிருந்தாங்க. அவர் அதை ஃபோர்க் பால்னு, அதாவது ரெண்டு விரலுக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சுப் போடுற பந்துன்னு, நினைச்சுட்டு இருந்தார். அது கிட்டத்தட்ட வேகமா போடுற ஒரு நக்கிள் பால்னு மத்தவங்க பார்வைக்குத்தான் தெரிஞ்சுச்சு. 2005ல ரேஞ்சர்ஸ் மேனேஜர் பக் ஷோவால்டரும் பிட்சிங் கோச் ஓரல் ஹெர்ஷைசரும் அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினாங்க. இப்போ போடுறதை வச்சு மேல போக முடியாது, முழுசா நக்கிள் பால் பிட்சரா மாறிடுங்கன்னு சொன்னாங்க. அப்போ டிக்கிக்கு 30 வயசு. ஒரு ஃபாஸ்ட் பவுலர்கிட்ட போய் இனிமே வேகமே வேணாம், வேற ஆளா மாறுன்னு சொல்ற மாதிரிதான் அது.

நக்கிள் பால்னா என்னன்னு இங்க கொஞ்சம் நின்னு பார்த்துடலாம், ஏன்னா கதையே இதுலதான் இருக்கு. கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு இந்தப் பேரு புதுசு இல்ல, 2011 உலகக்கோப்பைல ஜாகிர் கான் போட்டாரு, அப்புறம் புவனேஷ்வர் குமார் போட்டாரு. கிரிக்கெட்ல அது முக்கியமா வேகத்தைக் குறைச்சு ஏமாத்துறதுக்கு. பேஸ்பால்ல விஷயமே வேற, அங்க பந்து சுத்தக் கூடாது. சாதாரண ஃபாஸ்ட் பால் கையை விட்டதுலேர்ந்து கேட்சர்கிட்ட போறதுக்குள்ள சுமார் 15 தடவை சுத்தும், அந்தச் சுத்துதான் அதுக்கு ஒரு நிலையான பாதையக் கொடுக்குது. நக்கிள் பால் அதே தூரத்துல ஒரு முழுச் சுத்து கூட சுத்தாது. மெதுவா, சோம்பலா, லேசாப் புரளும், அவ்ளோதான். பந்துல தையல் இருக்கில்ல, அந்தத் தையல் காத்துல எந்தப் பக்கம் நிக்குதோ அந்தப் பக்கம் காத்து ஓடுற விதம் மாறும், பந்து ஒரு பக்கமாத் தள்ளப்படும். பந்து லேசாப் புரண்டதும் தையல் வேற இடத்துக்கு வரும், தள்ளுற திசையும் மாறும். இப்படி அரை செகண்டுக்குள்ள ரெண்டு மூணு பக்கம் ஆடிட்டே வரும் பந்து. பேட்டருக்குத் தெரியாது, கேட்சருக்குத் தெரியாது, போட்டவருக்கே எங்க போகும்னு சரியாத் தெரியாது.

பேரு நக்கிள்னு இருந்தாலும் விரல் முட்டியால பிடிக்கிறதில்ல, நகத்தாலதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கி, நகத்தோட நுனி தையலுக்குக் கீழ தோல்ல கடிச்சுப் பிடிச்ச மாதிரி இருக்கும். வீட்ல ஒரு டென்னிஸ் பாலை எடுத்து அப்படிப் பிடிச்சு சுவத்துல எறிஞ்சு பாருங்க, நான் பண்ணிப் பார்த்திருக்கேன். மணிக்கட்டு கொஞ்சம் முறுக்கிக்கிட்டாப் போதும், ஒரு விரல் கொஞ்சம் லேட்டா விட்டாப் போதும், பந்து சுத்த ஆரம்பிச்சுடும். பத்துல ஒண்ணு கூட எனக்கு சுத்தாமப் போகல. இதை ஒரு ஸ்டேடியம் நிறைய ஜனம் பார்க்க, ஒரு கேமுக்கு நூறு தடவை, நகம் உடையாம, வேர்வை வழுக்காம பண்ணனும். அதனாலதான் இந்தப் பிட்சர்ங்க நகத்தை அவ்ளோ கவனமாப் பார்த்துப்பாங்க, பைல எப்பவும் நகம் தேய்க்கிற அரம் இருக்கும்.

இதுல பெரிய ஆபத்து என்னன்னா, பாதி கத்துக்கிட்ட நக்கிள் பால் கத்துக்காததை விட மோசம். சுத்தாமப் போனா அடிக்க முடியாத பந்து, கொஞ்சம் சுத்திட்டா மெதுவா நேரா வர்ற பந்து, நெட் பிராக்டிஸ்ல போடுற மாதிரி. 2006 ஏப்ரல் 6, ஆர்லிங்டன்ல டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிரா டிக்கிக்கு அதுதான் நடந்துச்சு. முழு நேர நக்கிள் பால் பிட்சரா அவர் ஸ்டார்ட் பண்ண முதல் சீசனோட முதல் கேம், மூணே கால் இன்னிங்ஸ் சொச்சம்தான் நின்னார், அதுக்குள்ள 6 ஹோம் ரன், நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி. நவீன காலத்துல ஒரு கேம்ல ஒரு பிட்சர் கொடுத்த அதிகபட்ச ஹோம் ரன் சாதனைய அன்னைக்கு சமன் பண்ணார். அதுக்கு முன்னாடி அதே சாதனை டிம் வேக்ஃபீல்ட் பேர்ல இருந்துச்சு, அவரும் நக்கிள் பால்காரர்தான். உடனே மைனர் லீக்குக்கு அனுப்பிட்டாங்க, திரும்ப மேஜர் லீக் பக்கம் வர ரெண்டு வருஷம் ஆச்சு.

இப்ப என் பாயின்டுக்கு வரேன். இந்தப் பந்தைக் கத்துக்க வருஷக்கணக்கா ஆகும், கத்துக்கிற வரைக்கும் அடி வாங்கிட்டே இருக்கணும், வாங்குற ஒவ்வொரு அடியும் உங்க ரெக்கார்டுல ஏறும். 20 வயசுல நல்லா வேகமாப் போடுற பையன் எவனாவது இதுல இறங்குவானா? இறங்கினாலும் அவன் டீம் விடுமா? சொல்லிக் கொடுக்கவும் கோச் கிடையாது, ஏன்னா கோச்சுங்களும் ஃபாஸ்ட் பால் போட்டு வந்தவங்கதான். கேட்சருக்கோ கொடுமை, 1987ல ரேஞ்சர்ஸ் கேட்சர் ஜீனோ பெட்ராலி சார்லி ஹாஃபோட நக்கிள் பாலைப் பிடிக்க முடியாமலே திண்டாடி அந்த ஒரு சீசன்ல 35 பந்தை விட்டார். அதனால வேற எல்லாக் கதவும் மூடின அப்புறம்தான் ஒருத்தர் இந்தக் கதவைத் தட்டுவார். வேக்ஃபீல்ட் முதல்ல பேட்ஸ்மேனா எடுக்கப்பட்டவர், பேட்டிங் சரி வரலன்னு பிட்சரா மாறினவர். ஹாய்ட் வில்ஹெல்ம் மேஜர் லீக்குக்கு வந்ததே 29 வயசுல, ஆனா 49 வயசு வரைக்கும் ஆடினார். ஃபில் நீக்ரோ 48 வயசு வரைக்கும், 318 வின். இந்தப் பந்துல லேட்டா வர்றதுதான் வழக்கம், டிக்கியோட தாமதம் அவர் பாதைல வந்த தடங்கல் கிடையாது, அந்தப் பாதைக்கான நுழைவுக் கட்டணமே அந்தத் தாமதம்தான்.

கோச் இல்லன்னு சொன்னேன்ல, அதுக்குப் பதிலா ஒரு சின்ன கூட்டம் இருந்துச்சு. வயசான நக்கிள் பால்காரங்க. சார்லி ஹாஃப் முதல்ல டிக்கியோட பிடிய வாங்கிப் பார்த்து விரலை மாத்தி வச்சார். உடம்பை ஒரு கதவு நிலைக்குள்ள வச்சுக்கோ, போடும்போது கையோ காலோ அந்த நிலைல இடிக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தார், அதாவது பக்கவாட்டு அசைவு எதுவும் இருக்கக் கூடாது, எல்லாமே நேரா முன்னாடி போகணும். நீக்ரோ இடுப்பை எப்படி உபயோகிக்கணும்னு சொன்னார். வேக்ஃபீல்ட் எதிர் டீம்ல ஆடிட்டு இருந்தப்பவே கேட்டதுக்கெல்லாம் ஒளிக்காம பதில் சொன்னார். எதிர் டீம் பிட்சருக்குத் தொழில் ரகசியம் சொல்றது அவ்ளோ சாதாரணமா நடக்கிற விஷயம் இல்ல. எனக்கு இந்தக் கதைலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. குருகுலம் மாதிரி கைக்குக் கை மாறி வந்த வித்தை. டிக்கி அதை எடுத்துட்டுப் போய் ஜிம் சுவத்துல ஆயிரக்கணக்குல எறிஞ்சு எறிஞ்சு பழகினார்.

நடுவுல 2007ல ஒண்ணு நடந்துச்சு. நாஷ்வில் சவுண்ட்ஸ்ங்கிற மைனர் லீக் டீமோட ஒமாஹா ஊருக்குப் போயிருந்தப்போ, தங்கின ஹோட்டல் பக்கத்துல ஓடின மிசூரி ஆத்தை நீந்திக் கடந்துடுறேன்னு இறங்கிட்டார். நடு ஆத்துல இழுப்பு தாங்கல, திரும்பவும் முடியல, செத்துடுவோம்னு முடிவே பண்ணிட்டார். எப்படியோ கரைக்குப் பக்கத்துல வந்தப்போ டீம் மேட் கிராண்ட் பால்ஃபோர் கை கொடுத்துத் தூக்கினார். அந்த சீசன் அதுக்கப்புறம் நல்லாப் போச்சு, 13 வின்னோட அந்த லீக்கோட சிறந்த பிட்சர் ஆனார். ஆத்துல விழுந்ததுக்கும் பந்து திருந்தினதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஜெயிச்சுக் காட்டியே ஆகணுங்கிற வெறி அன்னைக்கு விட்டுப் போயிடுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார், நக்கிள் பாலுக்கு அந்த வெறிதான் முதல் எதிரி, இறுக்கிப் பிடிச்சாலே பந்து சுத்திடும்.

2008ல சியாட்டில், 2009ல மின்னசோட்டா. 2008ல ஒரே இன்னிங்ஸ்ல 4 வைல்டு பிட்ச், அதாவது கேட்சரால பிடிக்க முடியாத அளவுக்கு விலகிப் போற பந்து, போட்டு இன்னொரு வேண்டாத சாதனையையும் சமன் பண்ணார். 2009 முடிஞ்சப்போ 35 வயசு, மேஜர் லீக் கணக்கு 22 வின், 28 தோல்வி. 2010ல நியூயார்க் மெட்ஸ் மைனர் லீக் ஒப்பந்தத்துல எடுத்தாங்க, பயிற்சி முகாம்ல முதல்ல வெளிய அனுப்பப்பட்டதும் அவர்தான். பஃபலோ ஊர் மைனர் டீமுக்குப் போனார். ஏப்ரல் 29 அன்னைக்கு முதல் பேட்டர் ஒரு சிங்கிள் அடிச்சார், அதுக்கப்புறம் வந்த 27 பேரையும் வரிசையா அவுட் ஆக்கினார், ஒரு முழு கேமுக்கான அவுட் அவ்ளோதான். மே மாசம் மெட்ஸ் கூப்பிட்டாங்க. அந்த வருஷம் 11 வின், ஈ.ஆர்.ஏ. 2.84. அடுத்து ரெண்டு வருஷத்துக்கு 78 லட்சம் டாலர் ஒப்பந்தம். முதல்தடவையா வீட்டு வாடகைக் கவலை இல்லாம பந்து போட்டிருப்பார்னு நினைக்கிறேன்.

அப்புறம் 2012. அந்த வருஷத்தை அவர் ஆரம்பிச்சதே ஜனவரில கிளிமஞ்சாரோ மலை ஏறி. அடிபட்டா ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிடுவோம்னு மெட்ஸ் எச்சரிச்சும் போனார். பணம் திரட்டினது எதுக்குன்னா மும்பைல பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்ட பொண்ணுங்களை மீட்கிற பாம்பே டீன் சேலஞ்ச் அமைப்புக்காக, லட்சம் டாலருக்கு மேல சேர்ந்துச்சு. சின்ன வயசுல தனக்கு நடந்த பாலியல் கொடுமையப் பத்தி அதே வருஷம் வந்த சுயசரிதைல அவர் வெளிப்படையா எழுதினார். அடுத்த வருஷ ஆரம்பத்துல தன் ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டு மும்பைக்கே வந்துட்டுப் போனார். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்ததைச் சொல்லி முடிச்ச அதே வருஷம்தான் அவர் வாழ்க்கைலயே சிறந்த பந்து வந்துச்சு, இதை எழுதாம விட எனக்கு மனசு வரல.

களத்துல என்ன மாறுச்சு? வேகம். பழைய நக்கிள் பால்காரங்க பெரும்பாலும் மணிக்கு 105, 110 கிலோமீட்டர் பக்கம்தான் போடுவாங்க. டிக்கி 120லேர்ந்து 130 வரைக்கும் போட்டார், அந்த வேகத்துலயும் பந்து சுத்தாமப் போச்சு. பேட்டருக்கு யோசிக்கவே நேரம் இல்ல. எந்தக் கை வேகம் பத்தாதுன்னு ஒதுக்கினாங்களோ அதே கை இந்தத் தொழில்ல ரொம்ப வேகமான கை. அதைவிடப் பெரிய விஷயம் கட்டுப்பாடு, 233 இன்னிங்ஸுக்கு மேல போட்டு வெறும் 54 வாக்தான் (தப்பான இடத்துல நாலு பந்து போட்டு பேட்டரை அடிக்காமலே முதல் பேஸுக்கு விடுறது) கொடுத்தார், எங்க போகும்னு தெரியாத பந்தை வச்சுக்கிட்டு. ஜூன் 13 டாம்பா பே, ஜூன் 18 பால்டிமோர், அடுத்தடுத்து ரெண்டு கேம்லயும் எதிர் டீமுக்கு ஒரே ஒரு ஹிட் (பேட்டர் அடிச்சு பேஸ் போய்ச் சேருறது), முதல் கேம்ல 12 ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை பிட்சரே அவுட் ஆக்குறது), அடுத்ததுல 13. நேஷனல் லீக்ல அடுத்தடுத்து ஒன் ஹிட்டர் வந்து 1944க்கு அப்புறம் அதுதான் முதல். செப்டம்பர் 27ல பிட்ஸ்பர்கை ஜெயிச்சு 20வது வின். சீசன் முடிவுல 20 வின், 6 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.73, லீக்லயே அதிகமா 230 ஸ்ட்ரைக் அவுட். டீம் மொத்தமா ஜெயிச்சதே 74 கேம்தான். சீசன்ல பெரும்பகுதி வயித்துத் தசை கிழிஞ்ச நிலைலதான் போட்டார், அக்டோபர்ல ஆபரேஷன். சை யங் ஓட்டெடுப்புல 32 முதலிட ஓட்டுல 27 அவருக்கு. நக்கிள் பால் பிட்சர் ஒருத்தர் அந்த அவார்டை வாங்கினது அதுதான் முதல்தடவை, நீக்ரோவுக்கும் கிடைக்கல, வில்ஹெல்முக்கும் கிடைக்கல.

அவார்டு வந்த அடுத்த மாசமே மெட்ஸ் அவரை டொரான்டோ ப்ளூ ஜேஸுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க. அவர் பந்தைப் பிடிக்கத் தெரிஞ்ச கேட்சர் ஜாஷ் தோலையும் சேர்த்து அனுப்பினாங்க, அந்தப் பந்தைப் பிடிக்கிறதே ஒரு தனி உத்தியோகம். பதிலுக்கு மெட்ஸுக்கு வந்த இளம் பசங்கள்ல நோவா சின்டர்கார்டும் ட்ராவிஸ் டார்னோவும் 2015ல அந்த டீம் மேஜர் லீக்கோட இறுதிப் போட்டித் தொடரான வேர்ல்டு சீரிஸ் போனப்போ முக்கியமான ஆளுங்களா இருந்தாங்க. டொரான்டோல டிக்கிக்கு 2012 திரும்ப வரல. கழுத்து வலி, முதுகு வலி, பந்தோட வேகம் கொஞ்சம் குறைஞ்சுச்சு, ஈ.ஆர்.ஏ. நாலு பக்கம் போச்சு. அவரைத் தோல்வின்னு சொன்ன ரசிகர்கள் நிறைய. எனக்கு அது நியாயமாப் படல, 2013, 2014, 2015 மூணு வருஷமும் 200 இன்னிங்ஸுக்கு மேல போட்டார், 40 வயசு நெருங்குற ஆள்.

2015 அக்டோபர்ல ப்ளூ ஜேஸ் பிளே ஆஃப் போனாங்க. டிக்கி வாழ்க்கைல முதல் பிளே ஆஃப் கேம், 40 வயசுல. எதிர் டீம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ், இடம் அதே ஆர்லிங்டன், 8,10,000ஐ 75,000ஆக்கின டீம், 6 ஹோம் ரன் வாங்கின ஊர். ஸ்கோர் 7-1ன்னு முன்னிலைல இருக்கும்போது, அஞ்சாவது இன்னிங்ஸ்ல இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தா வின் அவர் கணக்குல ஏறும்ங்கிற நிலைல, மேனேஜர் வந்து பந்தை வாங்கி டேவிட் பிரைஸ்கிட்ட கொடுத்துட்டார். டீம் 8-4ன்னு ஜெயிச்சுச்சு, வின் பிரைஸுக்குப் போச்சு. டீமுக்கு அது சரியான முடிவா இருந்திருக்கலாம், ஆனா ஒரே ஒரு அவுட்டுங்க, இப்ப நினைச்சாலும் மனசு கேக்கல.

கடைசி வருஷம் 2017, நாஷ்வில் வீட்டுக்குக் கிட்ட இருக்கணும்னு அட்லாண்டா பிரேவ்ஸ்ல சேர்ந்தார், நீக்ரோவோட பழைய டீம். 10 வின், 10 தோல்வி. மொத்தக் கணக்கு 120 வின், 118 தோல்வி, அதுல 98 வின் 35 வயசுக்கு மேல. டாமி ஜான் ஆபரேஷன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, பிட்சர்களுக்கு முழங்கைல அந்த லிகமென்ட் கிழிஞ்சா பண்றது, முதல்தடவை பண்ணது 1974 செப்டம்பர்ல, டிக்கி பிறந்தது அதுக்கு அடுத்த மாசம். இப்போ இருக்கிற வேகமான பிட்சர்ங்கள்ல ஏகப்பட்ட பேரு இருபதுகள்லயே அந்த ஆபரேஷன் பண்ணிட்டு ஒரு வருஷத்துக்கு மேல உக்காந்திருக்காங்க. டிக்கிக்குக் கிழியறதுக்கு அங்க எதுவும் இல்ல. 42 வயசுல, அந்தக் கடைசி வருஷத்துலயும் 31 கேம் ஸ்டார்ட் பண்ணார், 190 இன்னிங்ஸ் போட்டார், லிகமென்ட்டே இல்லாத அதே முழங்கையால.